ஆள் உயரத் தோரணம்

மண் சரியும் அபாயம் என்று சொல்லி தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யவைத்து அப்போது மூன்று வருடமாகியிருந்தது. பெரகலைக்கு இறங்கும் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஏழு குடும்பங்களையும் அதில் வைத்தார்கள். ஆறு மாதத்தில் வீடு கிடைக்கும் என்றார்கள். என் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் விழும் வெளிச்சத்தில் தையல் மெசினைப் போட்டுக்கொண்டு, கொழுந்து பறித்துவிட்டு வந்த நேரங்களில் தைப்பேன்.

சுதந்திர தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஒரு துணி மூட்டையோடு வந்தார். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் கொடியேற்ற வருகிறாராம். பிளாஸ்டிக் தோரணம் கூடாதாம், துணியில்தான் வேண்டுமாம்.

“நல்லா அகலமா தைங்கக்கா. ஆள் உசரத்துக்கு வரணும்.”

“தோரணம் எதுக்குங்க ஐயா அவ்வளவு உசரம்?”

“மேல சொல்லியிருக்காங்க” என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பள்ளிக்கூட வேலை என்றதும் பக்கத்துக் கொட்டகைப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மெரூன், மஞ்சள், பச்சை, செம்மஞ்சள் என்று பட்டை பட்டையாக இணைத்து, கீழ் ஓரத்தில் சின்ன முக்கோணக் கொடிகளை வரிசையாக வைத்தேன். மஞ்சள் துணி போதவில்லை. தன் மகள் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று கட்டிய சேலையை அடுத்த கொட்டகை அக்கா கொண்டுவந்து மடியில் போட்டார். “பெட்டியில கெடந்து மக்குறதுக்கு, புள்ளைங்களுக்காச்சும் ஆகட்டும்” என்றார். நாலு நாளில் முடித்தோம். கிளாக்கர் வந்து சுருட்டி எடுத்துப்போனார்.

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் பின்னேரம் மலையிலிருந்து வந்து பார்த்தால், கொட்டகைகளின் முன்னால் மூங்கில் கம்பு நட்டு, முதல் வாசலிலிருந்து ஏழாவது வாசல்வரை அந்தத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் நாங்கள் இருப்பதே தெரியாது. உள்ளே போனேன். கதவு திறந்திருந்தும் மெசின் மேல் வெளிச்சம் இல்லை.

கிளாக்கர் கடைசிக் கம்பைக் கட்டவைத்துக்கொண்டிருந்தார்.

“இது பள்ளிக்கூடத்துக்குன்னு தானே சொன்னீங்க?”

“பெரியவர் இந்த ரோட்டால தானே வாறாரு. கார்ல இருந்து பார்க்கறப்ப பார்வையா இருக்கணும்ல.”

“எங்க வீட்ட மறைக்க எங்க கையாலயே தைக்க வெச்சீங்களா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரு நாளைக்குத் தானேக்கா. நாளைக்கு அந்திக்குக் கழட்டிருவோம்.”

பக்கத்து அக்கா தன் வாசலில் நின்று அந்த மஞ்சள் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். “என் சேலையிலயே என்னைய ஒளிச்சு வெச்சிட்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

காலையில் விடிந்ததும் கத்தரிக்கோலோடு வெளியே வந்தேன். வெட்டிப் போடத்தான் வந்தேன். ஆனால் அத்தனை பேர் தைத்த துணியில் கத்தரியை வைக்க மனம் வரவில்லை. முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். அக்கா மறுமுனையைப் பிடித்தார். கடைசிக் கொட்டகைப் பெண் மட்டும் பயந்தார். “எனக்கு வேலை குடுக்காம விட்ருவாங்க, என் வாசல்ல இருக்கறத விட்ருங்க” என்றார். அவருடைய வாசல் துண்டை மட்டும் தையல் பிரித்து அங்கேயே விட்டோம். ஆறு வாசல் திறந்தது.

துணியைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். “இது ரோட்டுக்குன்னு சொன்னாங்களே?” என்றார் தலைமை டீச்சர்.

“தோரணம் தானே டீச்சர். இங்க கட்டுங்க” என்றேன்.

அவர் ஒரு முனையை வாங்கி விரித்துப் பார்த்தார். பிறகு ஆணியும் கயிறும் எடுத்துவரச் சொல்லி, மைதானத்துச் சுவர் நீளத்துக்குக் கட்டவைத்தார்.

பெரியவரின் கார் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு வந்தது. கொட்டகைகளைப் பார்த்தாரோ இல்லையோ, தெரியாது. மேடையில், நாமெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளாக்கர் வந்தார். “உங்களால எனக்குத்தான் ஏச்சு” என்றார். வேலை போய்விடும் பயம் அவருக்கும் இருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், “அடுத்த வருசம் துணிய எங்கிட்ட கொண்டுவராதீங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

வீடு இன்னும் வரவில்லை. அதற்கான கோபம் வேறு. அந்த நாலு நாளும் நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, ஓரம் கோணாமல் பார்த்துப் பார்த்துத் தைத்தோமே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.