சித்தியின் புருவம்

எங்கள் சித்திக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. சீட்டாட உட்கார்ந்தால், கையில் நல்ல சீட்டு வந்ததை அவள் புருவமே ஊருக்குச் சொல்லிவிடும். விடுமுறைக்குப் போகும் நாங்கள் அவளை ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்கடித்தோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. அந்த வேலைக்கு அங்கே அவள் ஒருத்திதான். பஸ் டிரைவர்கள் வருஷா வருஷம் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் எதிரே உட்காருவார்கள். அவள் பொத்தானை அமுக்குவாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கிறீச்சிடும் ஸ்டூல், ஃப்ளாஸ்க்கில் டீ, ஓயாத அரட்டை. அந்த அறை எனக்கு அவ்வளவு பிடிக்கும். டிரைவரான சித்தப்பாவும் அங்கேதான் வருவார். "வீட்ல நாள் பூரா உன்னைக் கேக்கறது போதாதா, இங்கயும் கேக்கணுமா?" என்று சீண்டிக்கொண்டே பாஸாகிவிடுவார்.

பிறகு அரசு உத்தரவு வந்தது. இனி சோதனையெல்லாம் தானியங்கி மெஷினில், மூடிய அறைக்குள். சித்தி கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். மெஷின் வந்த வேகத்தில் பழைய டிரைவர்கள் வரிசையாக ஃபெயிலானார்கள். ஒருவர் வெளியே வந்து அப்பாவியாகச் சொன்னார்: "உள்ள உங்க முகம் இல்லையேம்மா, எப்போ கை தூக்கறதுன்னே தெரியல."

சித்தி தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த நாள் சித்தப்பாவும் ஃபெயில். ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர், இடிந்துபோனார். மருத்துவ அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை.

"புது மெஷின், கோளாறு இருக்கலாம். பழைய முறையில ஒரு தடவை பாருங்கம்மா. நீங்க சரின்னு சொன்னா எனக்குப் போதும்" என்றார்.

சித்தப்பா தெம்பாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்தத் தடவை கை தூக்க வேண்டாம். கேட்டா மேஜையைத் தட்டுங்க" என்று சொல்லி, அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள் சித்தி. பிறகு நாற்காலியைத் திருப்பி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மெல்லிய சத்தத்தில் தொடங்கினாள். கூட்டினாள். பாஸாக வேண்டிய அளவைத் தாண்டியும் கூட்டிக்கொண்டே போனாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பின்னாலிருந்து சித்தப்பா கேட்டார்: "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?"