பிஜ்லியின் கருப்பட்டி

மேலண்ணத்தில் நாக்கை ஒட்டவைத்துச் சடக்கென்று விடுகிறார் இன்னாசிமுத்து. ‘ட்ளக்!’ நீளக் கயிற்றில் ஓடிவரும் செம்பட்டைப் பெட்டைக் குதிரை பிஜ்லி, முன்னங்கால்களை மடக்கிக் குறுக்குக் கழியைத் தாண்டிக் குதிக்கிறது. உடனே அவர் சட்டைப் பையிலிருந்து உடன்குடிக் கருப்பட்டித் துண்டு ஒன்று அதன் வாய்க்குப் போகிறது.

“என் காப்பிக்குக் கருப்பட்டி கெடையாது, அந்தப் பொட்டக் குதிரைக்கு மட்டும் தெனமுமா?” என்பது தாராவி வீட்டில் மனைவி தெரசம்மாள் அன்றாடம் வாசிக்கும் குற்றப்பத்திரிகை.

மகாலட்சுமி பக்கத்துக் குதிரைக் கிளப்பில் குதிரைகளைத் தாண்டப் பழக்குவது அவர் வேலை. முதலில் கழிகளைத் தரையில் பரப்பி நடக்கவிடுவார். பிறகு முழங்கால் உயரம். அவசரமே கிடையாது. “ஒருக்கா பயந்துட்டுன்னா நின்னுக்கிடும். பொறவு அந்தோணியார் வந்தாலும் தாண்டாது.”

கீழே விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவர் குதிரை ஏறுவதில்லை. ஏறுபவன் ஜமால், பக்கத்துச் சந்துக்காரன். கிளப்பில் சேர்த்துவிட்டவரே இன்னாசிமுத்துதான். இப்போது அவனுக்கு டெர்லின் சட்டை, பளபளக்கும் பூட்ஸ், கிளப் செயலாளரின் தோள்தட்டல். “பாடு எனக்கு, சபாஷு அவனுக்கு. பவுசப் பாரு!” பிஜ்லி ஜமாலின் உள்ளங்கையை நக்கிய அன்று அவருக்கு டீகூட இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செயலாளர் முன்னால் சோதனை. தாண்டினால் ஜமாலும் பிஜ்லியும் பூனாப் போட்டிக்கு. இல்லையென்றால் பிஜ்லி, வாடகைக்கு விக்டோரியா குதிரைவண்டி ஓட்டுகிறவனுக்கு.

வழக்கம்போல வேலியோரம் நின்றார் இன்னாசிமுத்து. நாக்கை மட்டும் அசைக்கவில்லை. கழியருகே வந்த பிஜ்லி, காதை அவர் பக்கம் திருப்பிச் சட்டென்று நின்றது. ஜமால் அதன் கழுத்தில் சரிந்தான். இன்னாசிமுத்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மறுபடியும் ஓடிவந்தது, மறுபடியும் நின்றது.

“பேகார் கோடா, உதவாத குதிரை! காடிவாலாவைக் கூப்பிடு, வண்டி இழுக்கட்டும்!” என்றார் செயலாளர்.

மீசைக்குள் இருந்த சிரிப்பு செத்தது. தாதர் வெயிலில், வாயில் நுரை தள்ள வண்டியிழுக்கும் குதிரைகளை அவர் பார்த்திருக்கிறார்.

அடுத்த ஓட்டத்தில், “ட்ளக்!”

பிஜ்லி காற்றில் எழுந்து, கழியில் குளம்பு படாமல் அப்பால் இறங்கியது. கைதட்டல் முழுவதும் ஜமாலுக்கு.

அவன் குதிரையை நேரே அவரிடம் ஓட்டிவந்தான். முகமெல்லாம் பல். “அண்ணாச்சி, நீங்க சத்தம் குடுத்தாத்தான் தாண்டுது! எனக்கும் ஒருக்கா சொல்லித் தாங்க. பூனாவுல நீங்க இருக்க மாட்டியளே!”

பிஜ்லி அவர் சட்டைப் பையை மூக்கால் இடித்தது. இன்னாசிமுத்து கருப்பட்டியை வெளியே எடுத்தார். நல்ல பெரிய துண்டு. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை அப்படியே தன் வாயில் போட்டு, நாக்கு அசைய இடமில்லாமல், கன்னம் புடைக்க உதட்டை இறுக மூடிக்கொண்டார்.