கோட்டுக்கு உள்ளே ஒரு விரல்

என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தொழில் தொடங்கப் போகிறவர்கள். கடன் விண்ணப்பத்துக்கு நகல் எடுக்க வருவார்கள். மெஷின் சூடாகிற நேரத்தில், "அண்ணே, நானும் மச்சானும் சேர்ந்து பேக்கரி போடலாம்னு இருக்கோம், என்ன நினைக்கிறீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். நான் என்ன நினைத்தால் அவர்களுக்கு என்ன? ஆனாலும் ஒருத்தர் கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. "ஒரு நாள் நீங்க மச்சான் வேலையைப் பாருங்க, மச்சான் உங்க வேலையைப் பார்க்கட்டும். அப்புறமா கடனுக்குப் போங்க" என்பேன். சிரிப்பார்கள். "எங்களுக்குள்ள என்னண்ணே!" என்பார்கள்.

இந்த "எங்களுக்குள்ள என்ன"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு நல்ல தொழில் பாழாய்ப் போனதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன் நான்.

பக்கத்துக் கடை என்று பெயர்தானே தவிர, இரண்டும் ஒரே கடை. இடத்துக்காரர் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பை நிறுத்தி இரண்டு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் பேப்பர் பறக்கும். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் உண்டு.

அங்கே இருந்தவர் பை அக்கா. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறை மூடின பிறகு, பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பதில் தொடங்கியவர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குரல். காதில் சாக்பீஸ், கழுத்தில் டேப். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் தயாராக இருக்கும். "அக்கா, இந்தப் பை எத்தனை நாள் வரும்?" என்று யாராவது கேட்டால், "உள்ள என்ன வைக்கப் போற? புத்தகம்னா ரொம்ப நாள் வரும். உன் வீட்டையே வைக்கப் போறன்னா இன்னைக்கே கிழியும்" என்பார். திட்டு வாங்குவதற்கென்றே சிலர் வருவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவருடைய கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, சின்னவள் அந்த வீட்டுக்கு வந்தாள். அதிர்ந்து பேசமாட்டாள். வந்த புதிதில் நாள் முழுக்க ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தவளை அக்காதான் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்து, ஒரு தையல் மெஷினும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். அக்கா வெட்டுவார், சின்னவள் தைப்பாள். அப்படித்தான் பழைய பை ரிப்பேர், புதுப் பை தைக்கிற தொழிலானது.

அக்கா துணியில் கோடு போடுவதை நின்று பார்க்க ஆட்கள் உண்டு. வெட்டு மேஜை தடுப்பை ஒட்டிக் கிடக்கும். சுற்றி வர இடம் கிடையாது. ஒரு முனையில் நின்றபடியே உடம்பை எக்கி, ஸ்கேலை வைத்து, அது எட்டாத மறு முனை வரைக்கும் சாக்பீஸை ஒரே இழுப்பாக இழுப்பார். "பார்த்தீங்களா ஜெராக்ஸு, ஒரே இழுப்பு!" என்று தடுப்பைத் தட்டுவார். நானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவேன். வெட்டின துணி சின்னவள் மடிக்குப் போகும். வெளியே வரும்போது பை சிக்கென்று நிற்கும். ஜிப் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பைக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில் வியாபாரிகள் சங்கத்தில் சிறுதொழில் பயிற்சி என்று ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். அக்காவும் சின்னவளும் போனார்கள். மத்தியானச் சாப்பாடு இலவசம் என்பதால் நானும் போனேன். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு ஒரு தம்பி பேசினார். பாதி எனக்குத் தூக்கத்தில் போனது. ஒன்று மட்டும் காதில் விழுந்தது. "கூட்டாத் தொழில் பண்றவங்க அப்பப்ப ஒரு நாள் இடம் மாறி உட்காருங்க. பெரிசாக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா உட்காருங்க. அடுத்தவங்க என்ன சமாளிக்கிறாங்கன்னு அப்பத்தான் தெரியும்."

அக்கா எழுந்தார். "தம்பி, நாங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கிறவங்க. எங்களுக்குள்ள என்ன இருக்கு, மாறி உட்கார்ந்து கண்டுபிடிக்க?" அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். சின்னவள் மட்டும் தன் பை வாரைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்திருந்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடியில் ஒரு அறை எடுத்து, நாலைந்து தையல்காரர்களை உட்கார வைப்பது, வெட்டு முழுக்கத் தான் பார்ப்பது, சின்னவள் மேலே நின்று எல்லோரையும் கவனிப்பது என்று ஒரு மூச்சில் திட்டம் போட்டார்.

"வேணாம்க்கா" என்றாள் சின்னவள்.

நான் நகலெடுப்பதை நிறுத்திவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ஏன் வேணாம்?"

"நம்ம ரெண்டு பேரும் முடிஞ்சதைச் செய்வோம்க்கா. வெளியாளுங்க தைச்சா சரியா வராது."

"அவங்க மட்டும் என்ன காலாலயா தைப்பாங்க? கோட்டு மேல தைக்க வேண்டியதுதானே. கோடு நான் போட்டுத் தர்றேனே!"

"இல்லக்கா... வந்து..." என்று மென்று விழுங்கினாள். எவ்வளவு நேரம் கேட்டும் காரணம் வரவில்லை.

அக்கா வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார். எல்லாவற்றையும் எழுத மாட்டேன். கடைசியாகச் சொன்னது இது. "நான் வளர்றது உனக்குப் பிடிக்கல. சொல்லத்தான் வாய் வரல."

சின்னவள் தைத்துக்கொண்டிருந்த பையை முடித்து, நூலை அறுத்து, மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் அவளும் புருஷனும் ஊரின் மறு கோடியில் தனி வீடு பார்த்துக்கொண்டார்கள். அக்கா வீம்புக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டி வெட்டி மாடிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

தைத்த பைகள் மூட்டை மூட்டையாகப் பள்ளிக்கூடம் போயின. போன வேகத்தில் திரும்பியும் வந்தன. நிற்க வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜிப் பாதி வழியில் சுருங்கிக்கொண்டு நின்றது. மாடியிலிருந்த ஆட்கள் எல்லோரையும் கீழே வரவழைத்து அக்கா கத்தினார். "கண்ணு எங்க இருந்தது உங்களுக்கு? கோடு தெரியல?"

அவர்களில் மூத்த தையல்காரர் ஒரு பையைப் பிரித்து மேஜையில் போட்டார். "நீங்களே பாருங்கம்மா. கோட்டு மேலதான் தைச்சிருக்கோம். நூல் அந்தண்டை இந்தண்டை போகல."

"பொய்!" என்று அக்கா ஒரு வெட்டின துணியை உருவிக்கொண்டு சின்னவளின் மெஷினில் போய் உட்கார்ந்தார். உறையைக் கழற்றி வீசினார். நான் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் வாசலில் நின்றேன். அக்கா நல்லாவே தைப்பார், மெதுவாகத் தைப்பார், அவ்வளவுதான். தன் கோட்டின் மேலேயே, இம்மி பிசகாமல் தைத்தார். ஜிப் வைத்தார். வெளிப்புறம் திருப்பி மேஜையில் நிறுத்தினார்.

பை சாய்ந்தது.

அக்கா ஸ்கேலை எடுத்துத் தன் கோட்டின் மேலேயே வைத்துப் பார்த்தார். தான் நிற்கிற பக்கத்தில் சரியாகத்தான் இருந்தது. எக்கி இழுக்கிற மறு முனைக்குப் போகப் போக, கோடு ஒரு விரல் அளவு வெளியே ஓடியிருந்தது. தடுப்பு ஆணியில் சின்னவள் கடைசியாகத் தைத்துவிட்டுப் போன பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி உட்புறம் திருப்பினார். சாக்பீஸ் கோடு அழியாமல் கிடக்க, தையல் அந்த மறு முனையில் அதற்கு ஒரு விரல் உள்ளே நேராக இறங்கியிருந்தது. கடையில் கிடந்த பழைய பைகளையெல்லாம் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அப்படியேதான். அப்புறம் அந்த மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அக்காவை என் ஸ்கூட்டரில் சின்னவள் வீட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். முன்னறையிலேயே ஒரு பழைய மெஷினைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பைகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தாள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

"ஏன்டி சொல்லல?" அக்காவின் குரல் எழும்பவே இல்லை.

"எப்படிக்கா சொல்றது? எனக்கு மெஷின் வாங்கிக் கொடுத்ததே நீங்க. அந்தக் கோட்டைத்தான் எல்லாருக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவீங்க. உள்ள தள்ளித் தைச்சா சரியாப் போகுது, இதைப் போய் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே. நான் அவ்வளவு பேசினேனே."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா, கோபத்துல சொல்றேன்னு நினைச்சிருப்பீங்க."

அது உண்மைதான் என்று எனக்கே தெரிந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பேசினதெல்லாம் தப்பு. மனசுல வச்சுக்காத. திரும்பி வந்துடு. ஆர்டர் போனா போகட்டும், நாம ரெண்டு பேரும் பழையபடி செய்வோம்."

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேணாம்க்கா. வந்தா நான் மறுபடியும் சொல்ல மாட்டேன். எனக்கு வராது. நீங்க எதையாவது தப்பாச் செய்வீங்க, நான் உள்ளுக்குள்ளயே சரி பண்ணிட்டு உட்கார்ந்திருப்பேன். மறுபடியும் ஒரு நாள் இப்படித்தான் வந்து நிக்கும். தூரத்துல இருந்தா அக்கா தங்கச்சியாவாவது இருக்கலாம்."

வாழ்க்கையிலேயே அக்காவின் முகத்துக்கு நேராக அவள் சொன்ன முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அக்கா தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வரும் வழியெல்லாம் இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருத்தி வாயைத் திறந்திருக்க வேண்டும், இன்னொருத்தி வாயை மூடியிருக்க வேண்டும். வேறொன்றும் தேவைப்பட்டிருக்காது.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் பைக்கு வேறு இடம் போய்விட்டார்கள். மாடி அறையைக் காலி பண்ணியாயிற்று. அக்கா மறுபடியும் ஜிப் மாற்றுகிறார். ஆனால் ஒரு காரியம் செய்தார். தடுப்பை ஒட்டிக் கிடந்த மேஜையை நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டார். கடையில் நிற்கக்கூட இடம் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் வாசலோடு சரி. யாராவது புதுப் பை கேட்டால், அட்டை அளவு வைத்து, மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு போடுகிறார். முடித்ததும் மறு முனைக்குப் போய்க் குனிந்து ஒரு தரம் அளந்து பார்க்கிறார். "ஒரே இழுப்பு" என்று தடுப்பைத் தட்டுவதெல்லாம் இப்போது கிடையாது. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குப் பொழுதே போவதில்லை.

போன மாதம் பேப்பர் வாங்கப் போன இடத்தில் என் தோள்பையின் அடிப்பக்கம் கிழிந்துவிட்டது. பக்கத்தில்தான் சின்னவள் வீடு. புது அடித்துணி வைத்துத் தருவதாகச் சொல்லி, கட்டிலில் துணியை விரித்துக் கோடு போட்டாள். நேரான கோடு. சுற்றி வந்து இரண்டு முனையிலும் அளந்தும் பார்த்தாள். பிறகு மெஷினில் உட்கார்ந்து மளமளவென்று தைத்தாள். வைத்துப் பார்த்தால் துணி பைக்குப் பொருந்தவில்லை. ஒரு ஓரம் இழுத்துக்கொண்டு நின்றது.

நான் உட்புறத்தைப் பார்த்தேன். ஒரு முனையில் கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே தைத்திருந்தாள்.

"ஏம்மா, கோடு நீ போட்டதுதானே?"

அவளும் பார்த்தாள். சிரிக்கப் போனாள், முடியவில்லை. "தினம் இப்படித்தாண்ணே ஆகுது. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறேன். கை கேக்க மாட்டேங்குது."

தையலைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "அக்கா இப்ப எப்படிக் கோடு போடறாங்க?"

"மேஜையைச் சுத்தி நடந்து நடந்து போடறாங்க. நேரா இருக்கு. ஒரு நூல்கூட வெளிய போறதில்ல."

"யாரு தைக்கிறாங்க?"

"அவங்களேதான்."

அவள் கையில் பிரிந்த நூல் அப்படியே நின்றது.

"இப்பப் போய்க் கத்துக்கிட்டாங்களே" என்றாள்.