நீலம் வந்த வாளி

கோப்பைக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். ஏன் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருப்பாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவள்தான். பொழுதுபோகாமல் ஒரு மாலை வகுப்பில் களிமண்ணைத் தொட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வேலையை விட்டாள். வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகை பட்டறையானது. சக்கரம் வந்தது, மின்சாரச் சூளை வந்தது, கூடவே ஊர்ப்பட்ட கேள்விகளும் வந்தன.

"இதெல்லாம் கையாலயா பண்றீங்க?" என்று வாரச் சந்தையில் கேட்பார்கள். வேறு எதால் செய்வதாம்? எடுத்துக் கவிழ்த்து, அடியில் தட்டி, காதருகே வைத்துக்கூடப் பார்த்துவிட்டு, "கடையில பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று வைத்துவிட்டுப் போவார்கள். "வீட்ல சும்மாதானே இருக்கே, என் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை பண்ணிக் குடேன்" என்பாள் பெரியம்மா மகள். கண்காட்சி நடத்துகிறவரோ, "பணம் தர்றதில்லைங்க, ஆனா நல்ல பேர் கிடைக்கும்" என்பார். கரண்டு பில்லுக்குப் பேரை நீட்டினால் கவுண்டரில் வாங்கிக்கொள்வார்களா?

நல்ல நாளே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு பெரியவர் அவளுடைய கோப்பை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றார். வாங்கவில்லை. ஆனாலும் அந்த முகத்தை நினைத்துக்கொண்டே அவள் ஒரு வாரத்தை ஓட்டினாள். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, நீலம் வரும்வரை.

அந்த நீலம் தானாக வந்தது. வெந்தால் கண்ணாடிபோல் மினுங்கும் பழுப்புப் பூச்சில் முக்கிச் சூளைக்குள் வைத்த கிண்ணங்கள், வெளியே எடுத்தபோது நீலமாக இருந்தன. விளிம்பில் மட்டும் பழுப்பு. கீழே இறங்க இறங்க மழைக்கு முந்தைய வானம். அவளுக்கே நம்ப முடியவில்லை. படம் எடுத்துப் போனில் போட்டாள். மறுநாளே ஓர் உணவகத்துக்காரம்மா கூப்பிட்டுவிட்டார். புதிதாகத் திறக்கப்போகிற உணவகத்துக்கு எல்லாக் கிண்ணமும் தட்டும் இதே நீலத்தில் வேண்டுமாம். "இதே நீலம்தாங்க. வேற எதுவும் வேண்டாம்."

கோப்பைக்காரி தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டியதோடு நிற்காமல் கணவனிடம் ஒரு வாக்கும் கொடுத்தாள். பழைய அலுவலகத்து மேலாளர் அவளைத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். "இந்த ஆர்டர் கைகூடலைன்னா சக்கரத்தை வித்துட்டு நான் அங்கேயே போயிடறேன். அப்புறம் களிமண்ணு பேச்சே எடுக்க மாட்டேன்" என்றாள். கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதற்கும் பதறாத ஆள். "சரி" என்றான்.

வாளியில் மிச்சமிருந்த பூச்சு இரண்டு மூன்று கிண்ணங்களோடு தீர்ந்துபோனது. புதிதாகக் கரைத்தாள். வெந்து வந்தது பழுப்பு. நீரைக் குறைத்தாள், கரும்பழுப்பு. சூட்டைக் கூட்டினாள், பார்க்கச் சகிக்காத ஒரு பச்சை. பொடி விற்கிறவனைப் போனில் பிடித்து உலுக்கினாள். அவன், "அதே பொடிதாங்க, மூட்டைகூட அதேதான்" என்று அழாக்குறையாகச் சொன்னான். குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், சூளைக் கம்பியைச் சந்தேகப்பட்டாள், வானிலையைச் சந்தேகப்பட்டாள். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தும் நீலம் எட்டிப் பார்க்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று புலம்பினாள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவள், யார்மேல் கோபத்தைக் காட்டுவது என்று தெரியாமல் நாத்தனாரை இழுத்தாள்.

நாத்தனார் கணவனின் அக்கா. இவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். நீலம் வருவதற்குச் சில நாள் முன்பு, தம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று இங்கே வந்து தங்கியவர், பட்டறையைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கிவிட்டார். கோப்பைக்காரி வந்து பார்த்தபோது, வெள்ளைப் பூச்சு இருந்த வாளியில் சோப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. அண்ணி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொடியை நிறுத்து, அரைத்து, சலித்து, பார்த்துப் பார்த்துக் கரைத்த பூச்சு அது. வந்ததே கோபம். "கொட்டிட்டீங்களா? இனிமே என் பட்டறை வாசலை மிதிக்காதீங்க அண்ணி" என்று கத்திவிட்டாள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் கேட்டால்தானே. அன்றே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"உங்க அக்கா என்னைக்கு என் வெள்ளைப் பூச்சைக் கொட்டினாங்களோ, அன்னையிலேருந்து பட்டறையில ஒண்ணும் வெளங்கல" என்றாள் இப்போது.

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அக்கா கொட்டலையே. பக்கத்து வாளியிலல்ல ஊத்திச்சு" என்றான்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "எது?"

"ரெண்டு வாளியிலயும் ஒரே சேறுதானே இருக்கு, எதுக்கு ரெண்டுன்னு ஒண்ணாச் சேத்து ஊத்திடுச்சாம். போன்ல அழுதுக்கிட்டே சொல்லிச்சு."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே" என்றான் அந்த மகானுபாவன்.

சூளைக்குப் போகும்வரை எல்லாப் பூச்சும் ஒரே சேறுதான். வெந்தால்தான் குட்டு வெளிப்படும். பழுப்போடு வெள்ளை கலந்திருக்கிறது. அன்று பழுப்பு வாளி நிறைந்திருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவள் வாளியையா பார்ப்பாள்? இத்தனை நாள் கண்ட கண்ட இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறாள். தெரிந்த மனுஷனோ எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தட்டைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

எவ்வளவுக்கு எவ்வளவு என்பதுதான் இப்போது கேள்வி. ஒவ்வோர் அளவாகக் கலந்து, சூளையேற்றிப் பார்க்க நாளில்லை. காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடி என்பார்கள். நாத்தனாரைக் கழுதை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டு மாடிப்படியில் ஏறும்போது அவளுக்குக் கால் அவ்வளவு கனத்தது.

கதவைத் திறந்தவர், "வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி தேய்க்கும் மேசைக்குத் திரும்பினார். ஒரு சட்டை முடிந்தது, இன்னொரு சட்டையும் முடிந்தது. பிறகுதான் தேநீர் வந்தது. கோப்பையைப் பார்த்ததும் கோப்பைக்காரிக்குப் பகீரென்றது. அவள் செய்ததுதான். காது கோணி, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, பூச்சு கொப்புளித்து, அவளே குப்பையில் எறிந்தது. நிமிர்ந்தால், கண்ணாடி அலமாரியில் அதன் அண்ணன் தம்பிகள் வரிசையாக நின்றன.

"அண்ணி, இதெல்லாம் தூக்கிப் போட்டதுங்க."

"தெரியும். குப்பையில கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். தண்ணி ஒழுகல, ஒண்ணுமில்ல. வர்றவங்ககிட்டல்லாம் என் தம்பி பொண்டாட்டி செஞ்சதுன்னுதான் காட்டுவேன்."

எதை ஊர் கண்ணில் காட்டக் கூடாது என்று எறிந்தாளோ, அதை ஒருத்தர் கண்ணாடிக்குள் வைத்து ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறார். மானம் போயிற்று. அதோடு, இவ்வளவு பிரியமாக அவள் கோப்பையை இதுவரை யாரும் எடுத்து வைத்ததில்லை என்பதும் உறைத்தது. எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தால் எதை முதலில் விடுவது? தேநீரை மடமடவென்று குடித்தாள்.

"அன்னைக்குக் கத்தினது தப்புதான் அண்ணி" என்றாள், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே.

"அதைக் கோப்பைகிட்ட ஏன் சொல்றே?"

நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அண்ணி இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். விஷயத்தைக் கேட்டார். "அளவெல்லாம் யாருக்குத் தெரியும்? கண்ணால பாத்தாத்தான் சொல்ல முடியும். ஆனா நான்தான் வாசலை மிதிக்கக் கூடாதே" என்றார்.

"மிதிங்க அண்ணி. தயவுசெஞ்சு மிதிங்க."

வந்தார். இரண்டு பூச்சும் புதிதாகக் கரைத்து வைத்திருந்தாள். அண்ணி வெள்ளையைத் தூக்கிப் பழுப்பில் சாய்த்தார், நிறுத்தினார், எட்டிப் பார்த்தார், "ம்ஹும், அன்னைக்குக் கைப்பிடி ஆணிகிட்ட வந்துச்சு" என்று இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "கொஞ்சம்னா எவ்வளவு அண்ணி?" என்றாள் இவள். "கொஞ்சம்னா கொஞ்சம்தான்" என்றார் அவர். கோப்பைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வாளியை எடை போட்டுக் குறித்து வைத்துக்கொண்டாள்.

சூளை ஏறி இறங்கியது. ஆறுவதற்குள் திறந்தால் அத்தனையும் விரிசல் விடும். அண்ணியோ, "லேசாத் திறந்து எட்டிப் பாத்தா என்னவாம்?" என்று கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவரைத் தடுப்பது சூளையைக் காப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. கடைசியில் கதவைத் திறந்தபோது உள்ளே அத்தனையும் நீலம். கோப்பைக்காரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த நீலத்துக்கா இத்தனை பாடு?" என்றார் அண்ணி. "பழுப்பே நல்லாத்தான் இருந்துச்சு."

கிண்ணங்கள் உணவகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வேலைக்கு வரவில்லை என்று மேலாளருக்குச் சொல்ல அவள் போனை எடுத்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார் அவர். "யோசிச்சுட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். பட்டறைக்குள் அண்ணி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. அதில் சோப்பு நுரை.

போனை வைத்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"அண்ணி, இதுல இருந்ததை எதுல ஊத்தினீங்க?"

அண்ணி எழுந்து, இடுப்பில் கைவைத்து, வரிசையாக நின்ற வாளிகளைப் பார்த்தார். "அதோ, அதுலதான்" என்று ஓரத்து வாளியைக் காட்டினார். "எவ்வளவுன்னு மட்டும் கேக்காதே."

இந்த வயிற்றெரிச்சலுக்கா அந்த அலுவலக நாற்காலியை வேண்டாம் என்றோம் என்று இருந்தது அவளுக்கு. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பட்டறைத் தட்டிலிருந்து பூச்சுப் பூசாத ஒரு கோப்பையை எடுத்து, ஓரத்து வாளியில் முதலில் முக்கி எடுத்து வைத்தாள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.