அவிநாசியப்பன்: நேரில் போய் நின்ற மேலாளர்

"மேனேஜரய்யா போயிட்டாருங்க அம்மணி" என்று டிரங்க் காலில் குரல் கேட்டது. "எப்பங்க கெளம்புனாரு? பஸ்ஸுலயா, காருலயா?" என்று கேட்டேன். பேசியவர் எங்கள் நாளிதழின் கணியூர் முகவர் சின்னசாமி. பதிலுக்கு அவர் அழும் சத்தம்தான் வந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்து இன்னும் உரக்கக் கேட்டேன். "சாப்பிட்டுப்போட்டு வந்து சேர்ல உக்காந்தாருங்க. உக்காந்தவாக்குலயே போயிட்டாருங்க. டாக்டரு பாத்துப்போட்டு இல்லைன்னுட்டாரு" என்றார்.

போனை வைத்துவிட்டு, மேசையில் இருந்த ஜவுளிக்கடை விளம்பரத்தின் புரூஃபைத் திருத்த ஆரம்பித்தேன். "யாருங்க போனுல?" என்று பக்கத்து மேசை ரங்கநாதன் கேட்டபோதுதான் கை நின்றது.

முந்தின நாள் மாலை என் மேசைக்கு எதிரே நின்று, "சின்னசாமி புள்ளை கல்யாணமுங்க அம்மணி. நான் போகாட்டி மாப்பிள்ளையத் தாலி கட்டவே உடமாட்டான்" என்று சிரித்துவிட்டுப் போனவர் அவர். தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. எங்கள் பொது மேலாளர் அவிநாசியப்பன் இறந்துவிட்டார் என்பதை அவரை அறிந்த உங்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்? எனக்கே இன்னும் யாரும் சரியாகச் சொல்லாதது போல இருக்கிறது.

பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஐம்பதுகளின் நடுவில் எங்கள் நாளிதழுக்கு விற்பனைப் பிரதிநிதியாக வந்தார். அந்தக் காலத்தில் பத்திரிகை மதியத்துக்கு மேல்தான் திருப்பூரை விட்டு வெளியே போகும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. முதலாளியிடம் நேராகப் போய், "பேப்பரு ஒரு நாள் சரக்குங்க. சாயங்காலம் போய்ச் சேந்தா பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்" என்றாராம். பிறகு நூல் மூட்டை ஏற்றும் வேன் டிரைவர்களையும் முதல் பஸ் கண்டக்டர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார். சில மாதங்களில், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்பே பத்திரிகை கம்பெனி வாசலில் கிடந்தது. உடுமலைப்பேட்டைக்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தது. அப்படித்தான் அவர் விற்பனை மேலாளரானார், பின்னாளில் பொது மேலாளரும் ஆனார்.

இறந்த மறுநாள் எங்கள் பத்திரிகையிலேயே அவர் படம் கறுப்புக் கட்டத்துக்குள் வந்தது. காலையில் முதல் போன் பொங்கலூரிலிருந்து. ராமசாமிக் கவுண்டர் பேசினார். "ஏனுங்க அம்மணி, மறுபடியும் தப்பாப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்கய்யா. இந்தத் தடவை தப்பில்லீங்க."

மதியத்துக்குள் கவுண்டர் அந்த வயதிலும் பஸ் ஏறி வந்து அவிநாசியப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

கவுண்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அறுபதுகளில், நான் விளம்பரப் பிரிவில் சேர்ந்த புதிது. ஒரு நாள் கணியூரிலிருந்து சின்னசாமி போன் செய்து இரங்கல் விளம்பரம் ஒன்று கொடுத்தார். இறந்தவர் கணியூர் ராமசாமிக் கவுண்டர். நாங்கள் சாப்பிடப் போயிருந்ததால் அவிநாசியப்பனே எழுதிக்கொண்டார். லைனில் ஒரே இரைச்சல். கணியூர் அவர் காதில் பொங்கலூர் என்று விழுந்துவிட்டது. பொங்கலூரிலும் அதே பெயரில் ஒரு பெரிய தோட்டக்காரர் இருந்தார். மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக்கு மாலையும் கையுமாகச் சனங்கள் வந்து இறங்கினார்கள்.

கவுண்டரின் மகன்கள் போனில் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மறுப்பு ஒன்று போட்டு, ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார் முதலாளி. அவிநாசியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டார். "அவரச் சாகடிச்சது நானுங்க மொதலாளி. நான் போகாம யாரு போறது?" என்றார். வீட்டுப் பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்.

கவுண்டர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து கிடந்தது. மகன்கள் இருவரும் எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள். அவிநாசியப்பன் பின்வாங்கவில்லை. "எழுதுனது நான்தானுங்க. அடிக்கறதுன்னா அடிச்சுப்போடுங்க. ஆனா வர்ற சனத்துக்கெல்லாம் நானே பதில் சொல்லிப்போட்டுப் போறனுங்க" என்றார். சொன்னபடியே வெயிலில் போய் தோட்டத்துக்கு வரும் இட்டேரிப் பாதையின் முனையில் நின்றுகொண்டார். அழுதுகொண்டு வந்த ஒவ்வொருவரையும் மறித்து, "கவுண்டரு நல்லா இருக்காருங்க. நான் பண்ணுன தப்புங்க" என்று கைகூப்பினார். சிலர் சிரித்தார்கள். சிலர் அவரைத் திட்டியது காதுகொடுத்துக் கேட்கும்படி இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கவுண்டரே மகன்களைக் கூப்பிட்டு, "அந்த மனுசனக் கூட்டிட்டு வாங்கடா, சோறு திங்கட்டும்" என்றார். இலை போட்ட பிறகு, "யாரு யாரு அழுவாங்கன்னு பாத்துப்போட்டேன். யாரு வரலைங்கறதையும் பாத்துப்போட்டேன்" என்று சொல்லி உரக்கச் சிரித்தார்.

விஷயம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தேன். காரில் ஏறியதும் அவிநாசியப்பன் டிரைவரிடம், "கணியூருக்கு உடப்பா" என்றார். எனக்குப் புரியவில்லை. "நெசமாச் செத்தவரு ஊடு ஒண்ணு இருக்குதுங்களே அம்மணி. ஒறம்பரை யாரும் வரலீன்னு அவங்க காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றார்.

அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். தொலைவில் இருந்த உறவினர்களுக்குச் செய்தி சேராமல், ஊர்க்காரர்கள் மட்டும் கூடி எடுத்திருந்தார்கள். பிறந்த வீட்டார் வராமலே எல்லாம் நடந்துவிட்டதே என்று அந்த வீட்டு அம்மாள் அழுதார். பழியெல்லாம் சின்னசாமி தலையில் விழுந்திருந்தது. இனி இந்த ஊரில் பத்திரிகை போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவிநாசியப்பன் வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "சின்னசாமி சரியாத்தானுங்க சொன்னான். என்ற காதுதான் தப்பு" என்றார். அந்தக் குடும்பத்தின் உறவினர்கள் ஊர் ஊராக இருந்த இடங்களைக் கேட்டுக்கொண்டு, அடுத்து வந்த நாட்களில் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சின்னசாமிக்கு அவர் மேலாளர் மட்டும் அல்ல என்பது அன்றிலிருந்துதான்.

எழுபதுகளில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது, தொலைவுக் கிராமங்களுக்குப் பத்திரிகை அனுப்புவதை நிறுத்தலாம் என்ற பேச்சு எழுந்தது. "டவுன்காரருக்கு நாம இல்லாட்டி இன்னொரு பேப்பருங்க. அவங்களுக்கு நாம இல்லாட்டி ஒண்ணுமில்லீங்க" என்றார் அவிநாசியப்பன். அன்றைக்கு அவர் முதலாளியோடு நடத்திய வாக்குவாதத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பக்கங்கள் குறைந்தன. எந்த ஊருக்கும் பத்திரிகை நிற்கவில்லை.

அவிநாசியப்பனின் காரியம் முடிந்த வாரத்தில், நான் அவர் வீட்டில் இருந்தபோது சின்னசாமி வந்தார். உடுமலையில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பேச்சு சரியில்லை என்றார். தாலி ஏறிய பந்தலிலேயே சாவு விழுந்தது, பெண் ராசியில்லாதவள் என்று மாமியார் சொல்கிறாராம். அவிநாசியப்பனின் மனைவி தெய்வானையம்மாள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உடுமலைக்குப் போகோணுங்க. கூட வாங்க அம்மணி" என்றார். இத்தனை சீக்கிரம் வாசல் தாண்டலாமா என்று உறவுப் பெண்கள் தடுத்தார்கள். அவர் எழுந்துவிட்டார்.

அந்த வீட்டு வாசற்படியில் அவர் ஏறவில்லை. தெருவிலேயே நின்று பேசினார். "நான் உள்ள வரலீங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போறேன். அவரு கடைசியாச் சாப்பிட்டது இந்தப் புள்ளை கல்யாணச் சோறு. வகுறு நெறைஞ்சு, நாலு பேருகிட்டச் சிரிச்சுப் பேசிப்போட்டுப் போயிருக்காரு. அந்தச் சாவு அவரோடதுங்க. இந்தப் புள்ளை தலைல கட்டிப்போடாதீங்க."

மணப்பெண்தான் முதலில் படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள். மாமியார் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். தெய்வானையம்மாள் அங்கேதான் முதல் முறையாக வாய்விட்டு அழுதார். அந்தப் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நானும்தான்.

பதில் சொல்ல வேண்டிய வாசலில் ஆளை அனுப்பாமல் நானே போய் நிற்க வேண்டும். அவிநாசியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். என்னால் எவ்வளவு முடியும் என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும், அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம் என்று தாள்களை எடுத்துக்கொண்டு அவர் அறைக் கதவு வரை போய்விட்டேன்.