காலை ஆறு மணிக் கை

பதினோரு வருடமாக நான் சம்பளம் வாங்குவது மற்றவர்களுடைய தப்பைக் கண்டுபிடிப்பதற்காக. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததை எங்களிடம் தருவார்கள். அதை எப்படியெல்லாம் உடைக்க முடியுமோ அப்படியெல்லாம் உடைத்துப் பார்ப்போம். உடைந்தால் குறிப்பு எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு உடைந்தது, அதற்கு முன்னால் என்னென்ன செய்தோம், திரையில் என்ன தெரிந்தது, படம் எங்கே. இதில் ஒன்று குறைந்தாலும் புரோகிராம் எழுதியவர், "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அரைகுறைக் குறிப்போடு வரும் ஜூனியர்களை நான் திட்டாத வாரமே கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடுத்தவர்களை இப்படி விரட்டியவள்தான் தன் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

முப்பத்தாறு வயதில் எனக்கு முடக்குவாதம் வந்தது. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய் இது. மூட்டின் உட்சவ்வு வீங்கும், சுடும், வலிக்கும். அடக்காமல் விட்டால் பக்கத்து எலும்பை அரிக்கத் தொடங்கும். அப்படிக் கோணிய விரல் பிறகு நிமிராது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர், முதல் நாளே இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். விசைப்பலகையில் பிழைக்கிறவளுக்கு விரல் போனால் என்ன மிச்சம் என்று அன்று பஸ்ஸில் வீடு இருக்கும் சந்தாபுரா வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்த நோய்க்கு நேரம் காலம் உண்டு. காலை ஐந்தரைக்கு எழுந்தால் பத்து விரலும் ஈரச் சிமெண்டில் நட்டுவைத்தது மாதிரி இருக்கும். பற்பசை மூடியைத் திருக முடியாது. மகளுக்குப் பின்னல் போட வராது. என் கணவர்தான் போட்டுவிடுவார், ஒன்று காதுக்குப் பக்கத்திலும் மற்றொன்று பிடரியிலுமாக. ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மதியத்துக்கு மேல் யாரும் என்னை நோயாளி என்று சொல்லமாட்டார்கள். சொல்லவும் நான் விட்டதில்லை.

ஆறேகாலுக்குக் கம்பெனி வேன் வரும். சந்தாபுராவில் ஏறும் முதல் ஆள் நான். டிரைவர் ஆனேக்கல்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், போலீஸ்காரரிடம் உருது. வண்டியை நிறுத்தியதும் இறங்கிச் சுற்றி வந்து, எனக்காகப் பக்கக் கதவை இழுத்துத் திறந்துவிடுவார். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"எதுக்குண்ணா எறங்குறீங்க? நான் என்ன எம்.எல்.ஏ.வா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இருக்கட்டும் மேடம். குந்திக்கிட்டே இருந்தா எனக்கும் காலு மரத்துப் போவுது" என்றார். பெரிய சலாம் போடுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குள் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலை நான்கு மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். அந்த நாளுக்கென்று ஒரு தயாரிப்பு வைத்திருந்தேன். ஆபீசுக்கு லீவு. வெந்நீரில் அரைமணி நேரம் கையை ஊறவைப்பேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டுமே என்று சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வலி மாத்திரை. இஸ்திரி போட்ட நல்ல சேலை. நகத்துக்குச் சாயம் வேறு. பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும்போது பஞ்சப் பரதேசி மாதிரியா போவது?

டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. "சென்னாகித்தீரா?" என்று கன்னடத்தில் நலம் விசாரிப்பார். "பரவாயில்ல டாக்டர்" என்பேன். நம் ஆட்களுக்கு வேறு என்ன சொல்ல வரும்? பாடுபட்டு மருந்து எழுதித் தருகிறவரிடம் நன்றாக இல்லை என்பது, விருந்து வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி. அவர் விரல் விரலாக அழுத்திப் பார்ப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். நான்காவது முறை போனபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்றார். பரீட்சையில் பாஸான மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வேனில் ஏறியதும் டிரைவர் கேட்டார். "நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"நல்லாயிடுச்சாம்ணா. மாத்திரையக் கொறைக்கப் போறாங்களாம்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கு நல்லாயிடுச்சு மேடம்?" என்றார்.

நான் முறைத்தேன். அவர் அசரவில்லை.

"கோச்சிக்காதீங்க. காலைல நீங்க ஒரு ஆளு, சாய்ந்தரம் வேற ஆளு. ரெண்டு பேரையும் ஏத்தி எறக்குறவன் நானு. காலைல ஒங்களால இந்தக் கதவ இழுக்க முடியல, அதான் எறங்கி வரேன். சாய்ந்தரம் ஒருநாளாச்சும் எறங்கியிருக்கனா, சொல்லுங்க?"

இல்லை. ஒருநாள்கூட இறங்கியதில்லை. சாயங்காலம் நானேதான் திறந்து ஏறுவேன். இத்தனை மாதமாக அது என் கண்ணில் படவே இல்லை.

"வண்டி காலைல ஸ்டார்ட் பண்றப்ப சத்தம் போடுதுன்னு வைங்க" என்று அவரே தொடர்ந்தார். "ஓட்டிச் சூடாக்கி மெக்கானிக்காண்ட இட்டுனு போனா சத்தமே வராது. ஒண்ணும் இல்ல, போன்னு அனுப்பிடுவான். முந்தின நாளே ஷெட்ல வுட்டுட்டு வந்துடணும். ஒங்க டாக்டரம்மா சூடான வண்டியத்தான் பாத்திருக்காங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரம் எங்கே, படம் எங்கே என்று ஊரையே கேட்டவள், தன் உடம்பின் தப்பை வெந்நீரில் கழுவி, மாத்திரை போட்டு அடக்கி, மேலே நகச்சாயமும் பூசிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். டாக்டர் வேறு எதை எழுதுவார்? அவருடைய கம்ப்யூட்டரில் நான் நன்றாகத்தானே ஓடினேன்!

அன்று முதல் இரண்டு வாரம் குறிப்பு எழுதினேன். ஆபீசில் எழுதுகிற அதே அமைப்பில். நேரம் ஐந்து நாற்பது: பற்பசை மூடியைத் திருக முயன்றேன், முடியவில்லை. ஐந்து ஐம்பது: சட்டைப் பொத்தான், கணவர் போட்டுவிட்டார். ஆறு பதினேழு: வேன் கதவு, டிரைவர் திறந்தார். ஒன்பது இருபது: இடது கை மூடுகிறது, வலது கை பாதி மூடுகிறது. ஒவ்வொரு நாளும் கையின் புகைப்படம். காலையில் வந்து பார்க்க வேண்டும் என்று டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். வார்டுக்குப் போகும் முன் எட்டு மணிக்கு வரச்சொன்னார்.

வெந்நீர் இல்லை, வலி மாத்திரை இல்லை, சாயம் இல்லை. டாக்ஸி பிடித்துப் போனேன். "சென்னாகித்தீரா?" என்றார் டாக்டர். பழக்கதோஷம், "பர" என்று வாய் ஆரம்பித்துவிட்டது. மூடிக்கொண்டு காகிதத்தை நீட்டினேன்.

படிக்கும்போது முதலில் சிரித்தார். இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது. என் கையை எடுத்து ஒவ்வொரு மூட்டாக அழுத்தினார். இந்தத் தடவை நான் பல்லைக் கடிக்கவில்லை, கத்தினேன். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே சாதுவாகத் தெரிந்த மூட்டுகளுக்குள் ரத்தம் பாய்ந்து சிவப்புச் சிவப்பாக மின்னியது. எக்ஸ்ரேயில் வலது ஆள்காட்டி விரலின் எலும்பு ஓரத்தில் எலி கடித்த பிஸ்கட் மாதிரி சின்னதாக ஒரு குறை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "தப்பு எம்மேலயும் இருக்கும்மா" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "நானும் உங்கள ஒருநாளு காலைல கூப்ட்டுப் பாக்கணுமா இருந்துச்சு." இவ்வளவு படித்தவர் ஒரு நோயாளியிடம் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி வீக்கத்தைக் கிளப்ப அனுப்பும் சமிக்ஞை ஒன்றை மட்டும் மறிக்கும் ஊசி ஒன்று இருந்தது. உள்ளே காசநோய் ஒளிந்திருந்தால் அது விழித்துக்கொள்ளும் என்பதால், முதலில் அதற்கான பரிசோதனைகள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். ஊசியைக் குத்தும்போதெல்லாம் முகம் தெரியாத சிலரை நினைத்துக்கொள்வேன். இந்த மருந்து பலிக்குமா என்று யாருக்கும் தெரியாத காலத்தில், என்னைப் போலவே விரல் மடங்காத காலைகளோடு ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசியும் போயிருக்கும். அது தெரிந்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கே போய் நன்றி சொல்வது?

பதினோராவது வாரம் ஒருநாள் பல் தேய்த்து முடித்த பிறகுதான், மூடியை நானே திருகியது உறைத்தது. குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்று மகளின் பின்னல் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. ஆள்காட்டி விரலில் அந்தக் கடித்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது, இனியும் இருக்கும். நோய் அதோடு நிறுத்திக்கொண்டதே பெரிய காரியம்.

வேன் கதவையும் அன்று நானே இழுத்துத் திறந்தேன். டிரைவர் அதற்குள் இறங்கிச் சுற்றி வந்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்பயர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளும் இறங்கினார், அதற்கடுத்த நாளும் இறங்கினார்.

"அதான் நல்லாயிடுச்சேண்ணா, இன்னும் எதுக்கு?"

"ஒருநாள் ஸ்டார்ட் ஆயிட்டா வண்டி ரெடின்னு சொல்லிட முடியுமா மேடம்? ஸ்வல்ப நாள் பாக்கலாம்."

என்னைவிடக் கறாரான டெஸ்டர் அவர். ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நல்ல பனி. ஆறேகாலுக்கு வேன் வந்து நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை.

நான் கதவைத் திறந்து ஏறி, மூடினேன்.

"கை எப்பிடி மேடம்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"நல்லா இருக்குண்ணா" என்றேன்.