சுடர்வேந்தனைச் சாகடித்தவர்

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர் நொட்டையார். யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கதவு சரியாக மூடினால் சத்தம் அதிகம் என்பார். சத்தம் குறைந்தால் கிரீஸை அள்ளிப் பூசியிருக்கிறான் என்பார். மனைவி ஆசையாகப் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டியபோது, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, ஜன்னலே கோணல் என்று தீர்ப்புச் சொன்னவர். பட்டப்பெயர் காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நொட்டை சொல்ல ஒருத்தன் இருப்பதால்தான் மேலே போனவன் உயிரோடு கீழே வருகிறான் என்றார். அதில் உண்மையும் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் அந்தப் புத்தகத்தைத் திணித்தவன் அவருடைய தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்கிறான். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கையால் தூக்கிப் படிக்கிற ரகப் புத்தகம் அல்ல அது. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அத்தனை தடிமன். துணைக்கு வந்து சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், படங்களைச் சொல்லி வசனத்தை வாசி என்று தம்பி கேட்டான். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

புத்தகத்தின் பெயர் ‘அண்டங்களின் அந்திமம்’. மாதாமாதம் தனித்தனியாக வந்த இருபது முப்பது சித்திரக்கதைப் பத்திரிகைகளில் இருக்கிற மாவீரர்களையெல்லாம் ஒரே சண்டையில் இழுத்துவிட்டு, பிறகு அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டுத் தமிழிலும் கொண்டுவந்திருந்தார்கள். வானத்தில் ஒரு விரிசல். அதை அடைக்க ஒரு ஊர்ப் பட்டாளம். ஒருவன் இரும்புக்குதிரை, ஒருத்தி மின்னல்நங்கை, இவர்களுக்கெல்லாம் தலைவன் அங்கி பறக்க வரும் சுடர்வேந்தன். ஒரே சண்டையைச் சுடர்வேந்தன் பத்திரிகையில் ஒருமுறை காட்டுகிறார்கள், மின்னல்நங்கை பத்திரிகையில் இன்னொருமுறை. ஒரே கல்யாணத்தைப் பெண் வீட்டார் வாயால் ஒருதரமும் மாப்பிள்ளை வீட்டார் வாயால் ஒருதரமும் கேட்பது போல இருந்தது. நடுநடுவே நட்சத்திரக் குறி போட்டு, இது புரிய வேண்டுமானால் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவும் என்று கட்டளை வேறு.

நொட்டையாருக்கு வேட்டைதான். ஒருவன் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினான். தூக்கினால் மூலைதான் கையோடு வரும், கட்டடம் எப்படி வரும் என்று படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். விழுகிற பெண்ணைத் தரைக்கு ஒரு முழம் மேலே ஏந்திப் பிடித்தானே, அவள் முதுகெலும்பு என்ன ரப்பரா என்றார். எதிர்க் கட்டிலில் படுத்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், தன் இயந்திரத்தைக்கூட மறந்து சிரித்தார். நாலைந்து நாளில் அந்த அறையில் எல்லாரும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். செவிலியர்கூடக் காரணமில்லாமல் இரத்த அழுத்தம் பார்க்க வந்து நின்றார்.

அத்தனை வாய்க்கும் அடியில் ஒரு விஷயம் கிடந்தது. நொட்டையாரின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஒரே ஒரு பரிசோதனை, சாயம் ஏற்றி இரத்தக் குழாய்களைப் படமெடுப்பது. அது முடிந்தால் அறுவைக்கு நாள் குறித்துவிடலாம். அந்தப் பரிசோதனைக்கு வரச் சொன்ன இரண்டு தடவையும் எங்கோ லிப்ட் நின்றுவிட்டது என்று நொட்டையார் போகவில்லை. எந்த லிப்டும் நிற்கவில்லை. உங்கள் உடம்பு, நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்று மனைவி ஒதுங்கிக்கொண்டாள். தம்பியோ வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு திட்டாவது திட்டியிருக்கலாம். கேட்காமல் இருந்ததுதான் அவரைப் போட்டு அரித்தது.

மாவீரர்களிலேயே அவருக்குச் சுடர்வேந்தனைத்தான் அறவே பிடிக்காது. அடி விழுவதற்கு முன்னால் ஒரு சொற்பொழிவு, விழுந்த பிறகு ஒரு சொற்பொழிவு. எல்லாம் தியாகத்தைப் பற்றி. ஒருநாள் அவன் விரிசலின் விளிம்பில் நின்று ஒரு முழுப் பக்கத்துக்குப் பேச ஆரம்பித்ததும் நொட்டையாருக்குப் பொறுமை போய்விட்டது. மிச்சத்தைத் தாண்டி, ‘உள்ளே விழுந்தான், செத்தான்’ என்று சொல்லி ஒரு அத்தியாயத்தையே புரட்டிவிட்டார். நல்ல மனுஷன் போய்விட்டானே என்று தபால்காரர் வருத்தப்பட்டார்.

அடுத்த அமர்வில் பக்கத்தைத் திருப்பினால் சுடர்வேந்தன் குத்துக்கல்லாக நிற்கிறான். நிற்பதோடு விட்டானா, கதையின் பாதி வசனம் அவனுடையது. பொய் சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது? அவனுடைய பேச்சையெல்லாம் இரும்புக்குதிரையின் தலையில் கட்டினார். புத்தகத்தில் இரும்புக்குதிரை உறுமுவதைத் தவிர வேறொன்றும் அறியாத ஜென்மம். அது இப்போது அண்ட சராசரங்களைப் பற்றி மணிப்பிரவாளத்தில் முழங்கியது. மின்னல்நங்கை சுடர்வேந்தனின் பெண்டாட்டி ஆயிற்றே, இப்போது ஏன் இவனைக் கட்டிப்பிடிக்கிறாள் என்று தபால்காரர் நியாயமாகக் கேட்டார். காலம் மாறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார் நொட்டையார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். உதட்டோரம் மட்டும் துடித்தது. அவன் தூங்குகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்படியே தள்ளிக்கொண்டு போய்க் கடைசிப் பகுதியை எட்டினார். அங்கேதான் மாட்டினார். சுடர்வேந்தனுக்கு ஒரு தம்பியாம், பெயர் நிழல்மாறன். விரிசலின் விஷம் ஏறி அவன் சாகக் கிடக்கிறான். சுடர்வேந்தன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, தன் சுடரில் பாதியைக் கொடுக்கிறான். இதை எந்தக் குதிரையின் வாயில் போடுவது? கட்டத்துக்குக் கட்டம் ‘அண்ணா, அண்ணா’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

நொட்டையார் வாசிப்பதை நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. தம்பி கண்ணைத் திறந்து பார்த்தான்.

“இதுக்குத்தான் என்னைப் படிக்க வெச்சியா?” என்றார்.

எதற்கு என்று தம்பிக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அவர் புத்தகத்தைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். தம்பி பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “சத்தியமா தெரியாதுண்ணா. உடம்புக்கு முடியாம போறதுக்கு முன்னாடி பாதிதான் படிச்சேன். சுடர்வேந்தன் சாகலேங்கிறது வரைக்கும்தான் தெரியும்.”

தான் பிடிபட்டது ஒரு பக்கம், தம்பியைத் தப்பாக நினைத்தது ஒரு பக்கம். நொட்டையாருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் புத்தகத்தின் மேலேயே பாய்ந்தார். கையை வைத்தானாம், வெளிச்சம் வந்ததாம், வேலை முடிந்ததாம். மயக்க மருந்து கிடையாது, கத்தி கிடையாது, தையல் கிடையாது. முந்தின நாள் பட்டினி கிடையாது. கொடுத்தவன் அடுத்த பக்கத்திலேயே அங்கியை உதறிக்கொண்டு பறக்கிறான், அவன் பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து அழக்கூட இல்லை. கொடுக்கும் முன்னால் ஒரு கணமாவது யோசித்தானா? யோசிக்காதவனுக்கு என்ன பெருமை? எழுதினவன் ஆஸ்பத்திரி வாசலையாவது மிதித்திருப்பானா? குரல் உயர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் உடைந்தது.

“எனக்குப் பயமா இருக்குடா” என்றார்.

தபால்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைத் தம்பி கேட்டதில்லை. ஊசி இல்லாத கையை நீட்டினான், எட்டவில்லை. எட்டிய மட்டும் நீட்டி வைத்தான்.

“எனக்கும்தான். நீ குடுத்து உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் எப்படிண்ணா இருப்பேன்? அதான் கேக்கவே இல்ல. வேணாம்னா வேணாம். இந்த மெஷினோடயே ஓட்டிடுவேன்.”

அவன் ஓட்டிவிடுவான் என்பது பொய். இயந்திரத்தை நம்பி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும். சினிமாவிலும் சித்திரக்கதையிலும் இந்த இடத்தில் கட்டித் தழுவிக்கொள்வார்கள். நொட்டையார் புத்தகத்தை மூடிக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லக் கற்றுக்கொள் என்றார். பிறகு எழுந்துபோய்ச் செவிலியரிடம், அந்தச் சாயப் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று, சண்டைக்குப் போகிற குரலில் கேட்டார்.

பரிசோதனை நாளில் அறை திறப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலி ஆடுகிறது என்றார். ஏ.சி. ஐஸ் மாதிரி இருக்கிறது, மனிதனுக்கா மருந்துக்கா என்றார். நரம்பைத் தேடிய பெண்ணிடம், இதைவிட நல்ல ஊசி உலகத்தில் கிடைக்காதா என்று கேட்டார். அவள் சட்டை செய்யாமல், கையை ஆட்டாதீங்க சார் என்றாள். ஆட்டவில்லை, அது நடுங்குகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், நொட்டையார் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பதில் சொல்லாமல் இருந்தார். நீட்டிய கையை மட்டும் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை.